பங்குனி முதல் தை வரை: ஈரம் பார்த்து நடத்தும் அடுக்களை

வருடச் சாமான் கெட்டுப்போனால் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். டப்பாவுக்குள் போகும்போதே கூடப் போன ஈரம், இல்லையென்றால் பிறகு ஏறிய ஈரம். பருப்பில் வண்டு, மிளகாய்த்தூளில் கட்டி, ஊறுகாயில் பூசணம், நமுத்த அப்பளம் எல்லாவற்றுக்கும் வேர் அதுவே. புளி, மிளகாய் வத்தல், மல்லி, விரலி மஞ்சள், துவரை எல்லாம் மாசி, பங்குனியில் புதுசாகச் சந்தைக்கு வரும். உடனே வெயிலும் வந்துவிடும். ஐப்பசி மழைக்குள் எல்லாம் காய்ந்து மூடப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பயன்படும் வெயில் பங்குனி, சித்திரை, வைகாசி வரைதான். ஆடிக் காற்றில் வடாம் போட்டால் மண்ணும் சேர்ந்து காயும்.

புளி, மிளகாய், பருப்பு

முதலில் புளியை முடித்துவிடுங்கள். சுத்தம் செய்த புளி என்று கடையில் கொடுத்தாலும் கொட்டையும் கோதும் நாரும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். கட்டியைப் பிய்த்து முறத்தில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் வைத்தால் பிசுபிசுப்பு குறைந்து கொட்டை எளிதாகக் கழன்று வரும். 1 கிலோ புளிக்கு 100 கிராம் கல்லுப்பு. ஜாடியின் அடியில் கொஞ்சம் உப்பு, மேலே ஒரு அடுக்குப் புளி, மறுபடி உப்பு என்று கையால் நன்றாக அழுத்தி அடைத்துக்கொண்டே வரவேண்டும். இளக்கமாக அடைத்த இடத்தில்தான் பூச்சி புகும். பீங்கான் ஜாடியோ மண்பானையோ நல்லது. தகரத்தையும் அலுமினியத்தையும் புளிப்பும் உப்பும் சேர்ந்து அரித்துவிடும். நாள்பட நாள்படப் புளி கறுக்கும், அது கெட்டதற்கு அடையாளம் இல்லை. இந்தப் புளியில் உப்பு ஏற்கெனவே இருப்பதால் குழம்புக்கு உப்பைக் குறைத்துப் போட்டு ருசி பாருங்கள்.

மிளகாயைக் காம்போடுதான் காயவைக்க வேண்டும், காம்போடுதான் எடுத்துவைக்க வேண்டும். காம்பு கிள்ளிய துளை வழியாகத்தான் ஈரமும் பூச்சியும் உள்ளே போகின்றன. மடக்கினால் படக்கென்று ஒடிந்து, குலுக்கினால் விதை சலசலக்கும் வரை காயட்டும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குத் தோல் தடிப்பு, நீள மிளகாயைவிட ஒரு நாள் கூடுதலாக வேண்டியிருக்கும்.

குழம்பு மிளகாய்த்தூளுக்கு ஒரு நம்பகமான அளவு: மிளகாய் அரை கிலோ, மல்லி 1 கிலோ, மிளகு 100 கிராம், சீரகம் 100 கிராம், துவரம்பருப்பு 100 கிராம், கடலைப்பருப்பு 100 கிராம், வெந்தயம் 25 கிராம், விரலி மஞ்சள் 100 கிராம், இரண்டு கைப்பிடி காய்ந்த கறிவேப்பிலை. மஞ்சளை முன்கூட்டியே உரலில் தட்டி உடைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்து, பருப்பையும் வெந்தயத்தையும் மட்டும் வாணலியில் சூடேற வறுத்தால் போதும். மிஷினிலிருந்து வரும் தூள் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் தூளில் சொட்டிக் கட்டியாகும். பொடி சீக்கிரம் கெடும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பருப்புகளை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து நிழலில் ஆறவிட்டு அடையுங்கள். துவரம்பருப்புக்கு 1 கிலோவுக்கு 1 டீஸ்பூன் விளக்கெண்ணெய் தடவிக் காயவைப்பது பழைய வழக்கம், இன்றும் வேலை செய்கிறது. அரிசியை மட்டும் கடும் வெயிலில் போடக் கூடாது. மணியில் கீறல் விழுந்து, சோறாக்கும்போது நொய்யாக உடையும். நிழலில், காற்று வரும் இடத்தில் பரப்பினால் போதும்.

கூழ் வடாம்

பழைய பச்சரிசி 1 கிலோ, ஜவ்வரிசி 100 கிராம் சேர்த்து மிஷினில் நைஸாக அரைத்துக்கொள்ளுங்கள். பிழியும் வடாமுக்கு 1 டம்ளர் மாவுக்கு 3 டம்ளர் தண்ணீர். கரண்டியால் ஊற்றும் வடாமுக்கு 5. மொத்தத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து வைத்து, மீதியை அடிகனமான பாத்திரத்தில் கொதிக்கவிடுங்கள். அதில் உப்பு, 20 பச்சைமிளகாய் அரைத்த விழுது, 1 டீஸ்பூன் பெருங்காயம், 2 டீஸ்பூன் சீரகம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கரைத்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். உப்பு, வழக்கமாகப் போடுவதில் முக்கால் பங்கு போதும். காயும்போது தண்ணீர் போய் உப்பு மட்டும் நிற்கும் என்பதால் கூழில் சரியாக இருக்கும் உப்பு வடாமில் கரிக்கும்.

வெந்ததா என்று பார்க்க விரலைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொடுங்கள். ஒட்டக் கூடாது. வெள்ளை நிறம் மாறிப் பளபளப்பு வந்திருக்க வேண்டும். இறக்கியதும் மூன்று எலுமிச்சம்பழச் சாறு. நன்றாக வெந்த மாவுதான் காய்ந்து கண்ணாடிபோல் இறுகும். பொரிக்கும்போது உள்ளே மீந்திருக்கும் துளி ஈரம் ஆவியாகி அதை உப்பவைக்கிறது. அரைவேக்காட்டுக் கூழில் போட்ட வடாம் நடுவில் வெள்ளைக் கல்லாக நின்று பல்லில் ஒட்டும். எத்தனை நாள் காயவைத்தாலும் அது சரியாகாது. எண்ணெய் காயாமல் போட்டாலும் இப்படித்தான்: ஆவி மெதுவாக வெளியேறி, வடாம் உப்பாமல் எண்ணெயைக் குடிக்கும். ஒரு சின்னத் துண்டைப் போட்டால் உடனே மேலே எழும்பி வர வேண்டும், அதுதான் சரியான சூடு.

காலை 8 மணிக்குள் பிழிந்து முடித்துவிடுங்கள். முதல் நாள் வெயில்தான் முக்கியம். அன்று மேகம் போட்டு மேல் ஈரம் போகாவிட்டால் இரவில் புளித்த வாடை வந்துவிடும். வானம் மூடினால் உடனே உள்ளே எடுத்து மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். வேட்டியில் போட்டது மாலையில் உரிய மறுத்தால் துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் விட்டு உரிக்கவும். பிறகு தாம்பாளத்தில் திருப்பிப் போட்டு இரண்டு மூன்று நாள். மொட்டைமாடி இல்லாதவர்கள் பால்கனியில் விழும் மூன்று மணி நேர வெயிலிலும் போடலாம். ஆனால் கால் கிலோ மாவுக்கு மேல் போகாமல், மெல்லியதாகவே பிழிய வேண்டும்.

தாளிப்பு வடகம்

மழைக்காலத்தில் சின்ன வெங்காயம் அழுகும், விலையும் ஏறும். மலிவாகக் கிடைக்கும்போது வடகமாக்கிவிட்டால் வத்தக்குழம்பு, கீரை, புளிக்குழம்பு எல்லாவற்றுக்கும் தாளிப்பு தயார். 1 கிலோ வெங்காயம், 200 கிராம் பூண்டு இரண்டையும் உரித்து ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் விட்டு விட்டு ஒரு சுற்றுதான். விழுதானால் உருண்டை நிற்காது. ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்த உளுந்து 100 கிராம், கடுகு 50, சீரகம் 50, வெந்தயம் 25, மஞ்சள்தூள் 1 டேபிள்ஸ்பூன், கல்லுப்பு 50 கிராம், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து ஒரு இரவு மூடிவையுங்கள்.

காலையில் அடியில் வெங்காயத் தண்ணீர் தேங்கியிருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், வாசனை முழுக்க அதில்தான் இருக்கிறது. கலவையை அழுத்திப் பிழிந்து எலுமிச்சை அளவு உருட்டி வெயிலில் வைத்து, மாலையில் உருண்டைகளை அந்தத் தண்ணீரிலேயே உதிர்த்துப் போட்டுப் பிசையுங்கள். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் முழுக்க இழுத்துவிடும். அதன் பிறகு உருட்டிய உருண்டையை உதிர்க்காமல், கையில் விளக்கெண்ணெய் தடவி ஒரு தடவை உருட்டி, எட்டு முதல் பத்து நாள் காயவிடுங்கள். மேலே காய்ந்து நடுவில் ஈரமிருந்தால் மழைக்காலத்தில் உள்ளிருந்து பூக்கும். ஒன்றை உடைத்து நடுப்பகுதியைப் பார்த்த பிறகே ஜாடியில் போடுங்கள்.

மாவடு

மாசி கடைசியில் வரும் உருண்டை வடு 1 கிலோ. காம்பு கொஞ்சம் விட்டு நறுக்கி, அடிபட்டதை ஒதுக்கி, கழுவித் துணியால் துடைத்து உலரவிடவும். 2 டீஸ்பூன் விளக்கெண்ணெயில் புரட்டி, 150 கிராம் கல்லுப்போடு ஜாடியில் அடுக்கித் தினம் இருமுறை குலுக்குங்கள். உப்பு மாங்காயின் தண்ணீரை வெளியே இழுக்கும், நான்கைந்து நாளில் வடு சுருங்கி உப்புநீரில் மிதக்கும். அந்த நீரை விட்டே 50 கிராம் மிளகாய், 25 கிராம் கடுகு, 1 டீஸ்பூன் மஞ்சளை அரைத்துக் கலக்கவும். பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். பத்து நாளில் சாப்பிடலாம். மேலே வெள்ளையாகப் படர்ந்தால் வடு நீருக்கு வெளியே நிற்கிறது அல்லது உப்பு போதவில்லை என்று பொருள். சுத்தமான சிறு தட்டைக் கவிழ்த்து வடுவை நீருக்குள் அமுக்கி வைப்பது நல்லது.

அடுக்கி வைப்பது

சாமானை மூன்றாகப் பிரியுங்கள். வருடச் சாமான் பெரிய ஜாடியிலும் தூக்கிலும், மாதச் சாமான் கைக்கெட்டும் அலமாரியில் ஒரு கிலோ டப்பாக்களில், அன்றாடம் தொடுவது அஞ்சறைப் பெட்டியில். பெரிய ஜாடியை மாதம் ஒரு தடவை, வெயில் அடிக்கும் காலை நேரத்தில், உலர்ந்த கையால் மட்டும் திறக்க வேண்டும். தினமும் திறந்தால் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே போகும். பழையதன் மேல் புதுசைக் கொட்டுவது பலரும் செய்யும் தவறு. அடியில் தங்கிய பழைய பருப்பின் வண்டு புதுப் பருப்பு முழுக்கப் பரவும். டப்பாவைக் காலிசெய்து துடைத்து ஒரு மணி நேரம் வெயிலில் கவிழ்த்துவிட்டுப் பிறகு நிரப்புங்கள். அடைத்த மாதத்தை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுப்புக்கு நேர் மேலே உள்ள தட்டு பார்க்க வசதியாக இருந்தாலும் பொடிகளுக்கு மோசமான இடம், சோறு வடிக்கும் ஆவி முழுக்க அங்கேதான் போகிறது. அங்கே பாத்திரங்களை வையுங்கள். அரிசி மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கவும். காய்ந்த வேப்பிலையும் நொச்சி இலையும் போடலாம். பச்சை இலை போட்டால் ஈரத்தை நாமே கொண்டுபோய்ச் சேர்ப்பதாகும். மூட்டைக் கணக்கில் வாங்குபவர்களுக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறி உதவும். அரிசிக்குள் செங்குத்தாகச் செருகி வைத்தால் வண்டு துளை வழியே விழுந்து அடியில் சேரும்.

ஐப்பசி, கார்த்திகை

மழைக்கு முன் புரட்டாசி வெயிலில் வடாம், வத்தல், மிளகாயை ஒரு நாள் காட்டி எடுங்கள். ரவையை வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்து மூடுங்கள். வெங்காயமும் உருளைக்கிழங்கும் வேறு வேறு கூடையில், காற்றோட்டமாக.

மிளகாயிலோ நிலக்கடலையிலோ பூசணம் பிடித்திருந்தால் தட்டிவிட்டு வெயிலில் காட்டி உபயோகிக்காதீர்கள். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும் பூசணம் அதில் இருக்கலாம், அந்த நஞ்சு சமையல் சூட்டில் அழிவதில்லை. எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

மார்கழியும் தையும்

இட்லி அரிசி 4, உளுந்து 1, ஒரு டீஸ்பூன் வெந்தயம் என்ற அளவு வருடம் முழுக்க மாறாது. மாறுவது நேரமும் உப்பும். சித்திரையில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும் மாவு மார்கழியில் பன்னிரண்டு மணி நேரமும் கேட்கும். உப்பு புளிப்பை மெதுவாக்கும் என்பதால் கோடையில் அரைத்ததுமே போட்டுக் கலந்துவிடுங்கள், மார்கழியில் மாவு பொங்கிய பிறகு போடுங்கள். கோடையில் உளுந்தைக் குளிர்ந்த தண்ணீர் தெளித்து அரைத்தால் கல் சூடேறாது, மாவும் நன்றாக உபரியாகும். குளிரில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, கையால் கரைத்து, பாத்திரத்தைத் துணியால் சுற்றி அடுப்பு மேடையில் வைக்கலாம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

தையில் வரும் புது அரிசியில் ஈரம் அதிகம், பழைய அரிசிக்கு வைக்கும் தண்ணீரை வைத்தால் குழைந்துவிடும். பழைய அரிசிக்கு டம்ளருக்கு 3 வைத்தால் புதுசுக்கு 2 அல்லது 2¼ வைத்துப் பாருங்கள், அல்லது நிறையத் தண்ணீரில் வேகவிட்டு ஒரு பதம் முன்னதாகவே வடித்துவிடுங்கள். சர்க்கரைப் பொங்கலுக்கு அந்தக் குழைவுதான் வேண்டும். அன்றாடச் சோற்றுக்கும் அடுத்த வருட வடாமுக்கும் இதில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து ஆறு மாதமாவது பழசாக விடுங்கள்.