பக்கிக்கு டர்போவா, சூப்பர்சார்ஜரா? மாட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசக் காவடிக்காக என் அத்தான் ஜோகன்னஸ்பர்க்கின் லெனேஷியாவிலிருந்து கடற்கரை நகரமான டர்பனுக்குத் தன் பக்கியை ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கி என்றால் பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டி, தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் சொல்லும் பெயர் அதுதான். அவருடையது 4.0 லிட்டர் பெட்ரோல் வி6 (ஆறு சிலிண்டர்) டொயோட்டா ஹைலக்ஸ். சில மாதங்களுக்கு முன்புதான் அதில் சூப்பர்சார்ஜர் மாட்டியிருந்தார். டர்போவைப் போலவே, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளிச் சக்தியைக் கூட்டும் கருவி அது. ஜோகன்னஸ்பர்க்கில் அருமையாக ஓடிய வண்டி, மறுநாள் டர்பனின் சாட்ஸ்வொர்த் மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியது போலத் தட்டியது. டேங்கில் இருந்தது, வழியில் ஹாரிஸ்மித்தில் நிரப்பிய 93 ஆக்டேன் பெட்ரோல்; ஆக்டேன் எண் குறைந்தால் இன்ஜின் எளிதில் தட்டும். சூப்பர்சார்ஜரை மாட்டிக் கொடுத்த பட்டறையில், "இந்த வண்டி கடற்கரைப் பக்கம் போகுமா?" என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நம் ஊரில் நடக்கும் முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான்: உயரத்தைக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்வது.

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்பனில் காற்றழுத்தம் 1 பார் என்றால் அங்கே ஏறக்குறைய 0.83 பார்தான். காற்று மெலிந்தால் இன்ஜினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். டர்போவும் சூப்பர்சார்ஜரும் இல்லாத பெட்ரோல் வண்டி அங்கே ஆறில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடுகிறது. டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறும்போது, ட்ரெயிலர் இழுக்கும் பழைய பெட்ரோல் பக்கிகள் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த மெல்லிய காற்றிடம் இரண்டு கருவிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. டர்போ, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழல்கிறது. உள்ளே எவ்வளவு அழுத்தம் சேர்ந்திருக்கிறது என்பதை சென்சார் அளக்கும். காற்று மெலிந்திருந்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று, இழந்ததில் பெரும்பகுதியை ஈடு செய்துவிடும். சூப்பர்சார்ஜர் அப்படியல்ல. அது பெல்ட் வழியாக இன்ஜினோடு பிணைக்கப்பட்டது, அதனால் இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் அதுவும் தனக்குரிய சுற்றைத்தான் சுற்றும். வரும் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தும் ஒரு சூப்பர்சார்ஜரை எடுத்துக்கொள்ளுங்கள். டர்பனில் அதன் பூஸ்ட், அதாவது அது கூட்டும் அழுத்தம், 0.5 பார் வரும். ஜோகன்னஸ்பர்க்கில் 0.4 பார்தான். அதாவது சூப்பர்சார்ஜர் மாட்டினாலும் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போனது போனதுதான்.

அத்தான் விஷயத்தில் நடந்தது இதன் மறுபக்கம். மேலே மெல்லிய காற்றில் சரியாக இருந்த ட்யூனிங், கீழே அடர்த்தியான காற்று வந்ததும் அளவு மீறிவிட்டது. பெட்ரோல் சங்கதியும் சேர்ந்துகொண்டது. ஜோகன்னஸ்பர்க் போன்ற மேட்டுநிலத்தில் 93 ஆக்டேன் பரவலாக விற்பதற்குக் காரணமே, அங்கே சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவாக இருப்பதால் இன்ஜின் எளிதில் தட்டாது என்பதுதான். பூஸ்ட் கொடுக்கும் கருவியை மாட்டிய அன்றே அந்தச் சலுகை போய்விடுகிறது. பெட்ரோல் வண்டியில் டர்போவோ சூப்பர்சார்ஜரோ மாட்டினால், எந்த ஊரில் இருந்தாலும் 95 ஆக்டேனையே போடுங்கள். லிட்டருக்குச் சில சென்ட் மிச்சம் பிடிக்கப் போய்ப் பிஸ்டனை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த தவறு, டீசல் பக்கிக்கு சூப்பர்சார்ஜர் தேடுவது. இன்று இங்கே விற்கும் டீசல் பக்கிகள் ஃபேக்டரியிலிருந்தே டர்போவோடுதான் வருகின்றன. டர்பனில் பிராஸ்பெக்டன் ஆலையில் உருவாகும் ஹைலக்ஸ் 2.8 லிட்டர் ஆட்டோமேட்டிக்கைப் பாருங்கள்: நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே 500 நியூட்டன் மீட்டர் இழுவை. அதன் மேல் பெல்ட்டில் ஓடும் இன்னொரு கருவி எதற்கு? "பழைய அமெரிக்க டீசல் லாரிகளில் இருந்ததே" என்று சிலர் கேட்பார்கள். இருந்தது உண்மைதான். ஆனால் அவை டூ-ஸ்ட்ரோக் டீசல்கள். எரிந்த புகையை வெளியே தள்ளிப் புதுக் காற்றை நிரப்ப ஒரு ஊதுகருவி இல்லாமல் அந்த இன்ஜின் ஓடவே ஓடாது. நம் பக்கியின் ஃபோர்-ஸ்ட்ரோக் டீசலுக்கு அந்தத் தேவை கிடையாது.

டீசலில் இழுவை போதவில்லை என்றால் முதலில் இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவி) குழாய்களில் கசிவு இருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போதவில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இருப்பதைச் சரி செய்தாலே போதும் என்பது என் எண்ணம்.

பெட்ரோல் வண்டிக்கு எது? இங்கேதான் உண்மையான தேர்வு இருக்கிறது. விளம்பரத்தில் போடும் உச்சகட்ட கிலோவாட்டை வைத்துத் தேர்ந்தெடுப்பது மூன்றாவது தவறு. அந்த எண் 5,000 சுற்றுக்கு மேலே கிடைப்பது. வாரநாளில் சிமெண்ட் மூட்டையும் சனிக்கிழமை கோயிலுக்கு வாழைமரமும் ஏற்றுகிற வண்டி அங்கே எத்தனை நிமிடம் இருக்கப் போகிறது? நீங்கள் பார்க்க வேண்டியது 1,500-க்கும் 3,000-க்கும் நடுவில் இழுவை எப்படி இருக்கிறது என்பதை.

டர்பன், பைன்டவுன், குளூஃப் என்று மேடும் பள்ளமுமாகக் கடலோரத்திலேயே ஓடும் பெட்ரோல் வி6 என்றால் நான் சூப்பர்சார்ஜர் பக்கம் நிற்பேன். கால் வைத்ததும் இழுக்கும். ஃபேக்டரி எக்ஸாஸ்டைப் பிரிக்க வேண்டியதில்லை. இன்ஜின் அறைக்குள் செந்தணலாய்க் காயும் குழாய்களும் சேராது. விலையாக இன்ஜினின் சக்தியில் ஒரு பங்கை அதுவே தின்னும், பெட்ரோல் செலவு கூடும். மேட்டுநிலத்தில் வாழ்பவர், அல்லது மாதம் இரண்டு தடவை என்3-இல் சுமையோடு ஏறி இறங்குபவர் டர்போவுக்கே போகட்டும். பெரிய டர்போ வேண்டாம். அது விழித்துக்கொள்வதற்குள் ட்ராஃபிக் சிக்னல் மாறிவிடும். சின்னதாக, சீக்கிரம் சுழலத் தொடங்குவதாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் பராமரிப்பு. டர்போ நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது, அதன் பேரிங்கைக் காப்பது இன்ஜின் ஆயில்தான். ஆயில் மாற்றும் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். கணவாய் ஏறி வந்து பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்பாமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், இல்லையென்றால் சூட்டில் ஆயில் கருகிக் கரியாகப் படியும். சூப்பர்சார்ஜருக்கு பெல்ட்தான் உயிர். விரிசல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். செம்மண் சாலையில் ஓடுபவர்கள் இரண்டுக்குமே ஏர் ஃபில்டரில் கவனமாக இருக்க வேண்டும்.

காற்றை அழுத்தினால் சூடாகும் என்பதை மறந்து, இன்டர்கூலரில் பணம் மிச்சம் பிடிக்கிறார்கள். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில், நெரிசலில் ஊர்ந்து போகும்போது அந்த மிச்சம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். கிளட்சும் அப்படித்தான்: கூடுதல் இழுவையை அது தாங்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

மாட்டுவதற்கு முன்னால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் கோரிக்கையை நிராகரிக்க அவர்களுக்கு அதுவே காரணமாகலாம். வாரண்டி முடியாத வண்டி என்றால் நான் தொடவே மாட்டேன்.

அத்தான் வண்டியை டர்பனிலேயே வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினோம். நல்லவேளை, பிஸ்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சூப்பர்சார்ஜர் தலையில் இருந்த புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரத்தை) கொஞ்சம் பெரியதாக மாற்றி வேகத்தைக் குறைத்தார், 95 ஆக்டேனுக்கு ஏற்றபடி கடல் மட்டத்திலேயே ட்யூன் செய்து கொடுத்தார். லெனேஷியாவில் இப்போது முன்பைவிடக் கொஞ்சம் மந்தம்தான் என்கிறார் அத்தான். ஆனால் பங்குனியில் மறுபடி வந்தபோது அதே சாட்ஸ்வொர்த் மேட்டில், பின்னால் எங்கள் ஆறு பேருக்கான சாமான்களோடு, சத்தமில்லாமல் ஏறியது.