ப்ளென் ஏர் வரையப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிறு மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் மூன்று பிள்ளைகள் ஈசல் (கான்வாஸைத் தாங்கும் சட்டம்) வைத்து வாவியை வரைந்துகொண்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்குப் பார்த்தேன். பதினொன்றுக்குத் திரும்பி வந்தபோதும் அதே கான்வாஸில்தான் நின்றார்கள். நான் ஒரு காலத்தில் செய்த அதே பிழை. தொப்பி, தண்ணீர்ப் போத்தல் பற்றியெல்லாம் இங்கே சொல்லவில்லை.

சொல்லைப் பாதியாக விளங்கிக்கொள்வது

ப்ளென் ஏர் பிரெஞ்சுச் சொல். திறந்த வெளி என்று பொருள். ஆனால் வெளியே நின்றால் மட்டும் போதாது. ஓவியர்கள் அதைச் சொல்வது, காட்சியின் முன்னால் நின்று அந்த நேரத்து ஒளியிலேயே வரைவதற்கு. 1841இல் அமெரிக்க ஓவியர் ஜோன் ராண்ட் தகர டியூபுக்குக் காப்புரிமை எடுத்த பிறகு ஆயில் கலரை வெளியே கொண்டுபோவது சுலபமாயிற்று. அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிக் கொண்டுபோனார்கள்.

ஒளியைத் துரத்துவது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் தருவது. பாசிக்குடாவில் ஒருவர் கேட்ட படத்துக்காகக் காலையிலிருந்து பின்னேரம் வரை ஒரே கான்வாஸில் நின்றேன். காலையில் வரைந்த தென்னைகளின் நிழல் கரைப்பக்கம் விழுந்தது. நாலு மணிக்கு வரைந்த தோணியின் நிழல் கடல்பக்கம். வலை காயவைத்துக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதில ரெண்டு சூரியன் நிக்குது” என்றார். படம் திரும்பி வந்தது. கான்வாஸ், கலர், கூலி எல்லாம் போயிற்று.

நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறும். ஏழு மணிக்குத் தென்னையின் நிழல் அதன் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஒன்பதரைக்கு ஏறக்குறைய மரத்தளவுதான். ஆகவே முதல் பத்து நிமிடத்தில் நிழல்களின் ஓரத்தை மெல்லிய பழுப்பில் கோடிட்டுவிடுங்கள். அப்புறம் நிழல் எங்கே நகர்ந்தாலும் அந்தக் கோட்டை மாற்றாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் நிறுத்துங்கள். முடியவில்லையா, கான்வாஸின் பின்னால் நேரத்தை எழுதி, மறுநாள் அதே நேரத்துக்கு வாருங்கள். வைக்கோற்போர்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மொனே ஒளி மாற மாறக் கான்வாஸையே மாற்றினார். வாவியின் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை என்று சூரியனை வைத்தே நிலத்துக்குப் பெயர் சொல்லும் நமக்கு இது விளங்காமல் போகக் கூடாது.

கலர்ப் பலகையில் நேர் வெயில்

நிழலில் வையுங்கள். வெயிலில் கலந்த நிறம் வீட்டுக்குள் இருண்டு தெரியும்.

போட்டோ பார்த்து வரைந்ததை ப்ளென் ஏர் என்பது

வேண்டாம்.