புது போனுக்கு மைண்டஸ்ட்ரியைக் குடி மாற்றுவது எப்படி?

மைண்டஸ்ட்ரி என்பது தொழிற்சாலை கட்டி, எதிரிகளிடமிருந்து தளத்தைக் காக்கும் வியூக ஆட்டம். அதைப் புது போனில் நிறுவ ஒரு நிமிடம் போதும். பழைய போனில் பிடித்து வைத்த செக்டர்கள் (ஆட்டத்தின் நிலப்பகுதிகள்), சேமித்த ஸ்கீமாட்டிக்குகள் (கட்டுமான வரைபடங்கள்) எல்லாவற்றையும் சேதாரமில்லாமல் கொண்டுவருவதுதான் சிரமம். பெரும்பாலும் வேலையின் வரிசை தப்புவதால்தான் ஆட்டம் தொலைகிறது. இங்கே சொல்வதெல்லாம் ஆண்ட்ராய்டுக்கு.

எங்கிருந்து நிறுவுவது

பழைய போனில் பிளே ஸ்டோர் பதிப்பு இருந்ததா, எஃப்-டிராய்ட் (திறந்த மூல ஆப்களுக்கான கடை) பதிப்பு இருந்ததா என்று பாருங்கள். இரண்டின் டிஜிட்டல் கையொப்பமும் (ஆப்பை வெளியிட்டவரின் முத்திரை) வேறு என்பதால் ஒன்றின் மேல் இன்னொன்றை அப்டேட்டாக ஏற்ற முடியாது. அந்தப் பிழையைப் பார்த்ததும் பழையதை அன்-இன்ஸ்டால் செய்துவிடுவார்கள். அதோடு சேமிப்பும் போய்விடும். எங்கிருந்து நிறுவினாலும் புது போனில் இருக்கும் பதிப்பு எண் பழையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கட்டும். புதிய பதிப்பில் சேமித்த ஆட்டத்தைப் பழைய பதிப்பு திறக்காது.

சேமிப்பை எடுப்பது

நிதானம் வேண்டிய படி இதுதான். ஆட்டத்தின் கோப்புகள் 'ஆண்ட்ராய்டு' ஃபோல்டருக்குள் 'டேட்டா'வில், மைண்டஸ்ட்ரி என்று முடியும் ஃபோல்டரில் இருக்கும். ஆண்ட்ராய்டு 11-இலிருந்து சாதாரண ஃபைல் மேனேஜருக்கு அந்த இடம் பூட்டப்பட்டுவிட்டது. ஃபோல்டர் காலியாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. அதைப் பார்த்து சேமிப்பு அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம். ஃபைல் மேனேஜரை விட்டுவிட்டு ஆட்டத்துக்குள்ளேயே வேலையை முடியுங்கள்.

பழைய போனில் செட்டிங்ஸ், அதில் கேம் டேட்டா, அதில் எக்ஸ்போர்ட் டேட்டா. எங்கே வைக்க என்று கேட்கும், டவுன்லோட்ஸில் வையுங்கள். ஒரு ஜிப் கோப்பு கிடைக்கும். அதை அப்படியே புது போனுக்கு அனுப்புங்கள். மெசேஜ் ஆப் வழியாக என்றால் டாக்குமென்ட்டாக அனுப்பலாம். யூஎஸ்பி கேபிள்தான் என் தேர்வு. நடுவில் எந்த ஆப்பும் கை வைக்காது.

'உள்ளே என்னதான் இருக்கிறது' என்று ஜிப்பைப் பிரித்துப் பார்த்து மறுபடி அடைக்காதீர்கள். ஆட்டம் ஜிப்பின் முதல் மட்டத்திலேயே செட்டிங்ஸ் கோப்பைத் தேடும். மறுபடி அடைக்கும்போது எல்லாம் ஒரு ஃபோல்டருக்குள் போய்விட்டால், கோப்புகள் முழுசாக இருந்தாலும் 'இது சரியான கேம் டேட்டா இல்லை' என்று மறுத்துவிடும்.

புது போனில் அதே கேம் டேட்டா பக்கத்தில் இம்போர்ட் டேட்டா. அங்கே ஏற்கெனவே விளையாடியிருந்தால் அதெல்லாம் அழியும், திரும்ப எடுக்க முடியாது. முடிந்ததும் ஆட்டம் பட்டென்று மூடிக்கொள்ளும். அது கிராஷ் இல்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். திரும்பத் திறந்து, செக்டர்கள் எல்லாம் வந்திருக்கின்றனவா என்று சரிபார்க்கும்வரை பழைய போனை ரீசெட் செய்யாதீர்கள்.

செட்டிங்ஸ் அதற்குப் பிறகுதான்

அந்த ஜிப்பில் பழைய போனின் செட்டிங்ஸும் சேர்ந்தே வரும். முதலில் புது போனில் எல்லாவற்றையும் அழகாகச் சரிசெய்துவிட்டுப் பிறகு இம்போர்ட் செய்தால் அத்தனையும் வீண். சின்னத் திரைக்கு வைத்த பட்டன் அளவு பெரிய திரையில் ஒட்டாது. யூஐ ஸ்கேலிங் ஸ்லைடரை நகர்த்திவிட்டு ஆட்டத்தை மூடித் திறங்கள். புது அளவைச் சில நொடிக்குள் ஓகே அழுத்தி உறுதிசெய்ய வேண்டும், விட்டால் பழைய அளவுக்கே திரும்பி மூடிக்கொள்ளும்.

அளவு சரியா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை: செம்புத் தாதின் மேல் மெக்கானிக்கல் டிரில் (தாது தோண்டும் இயந்திரம்) ஒன்றை வையுங்கள். அது 2×2 கட்டம். நான்கும் தாதின் மேல் உட்கார்ந்தால்தான் முழு வேகம். அங்கிருந்து கோர் (தளத்தின் மையக் கட்டடம்) வரை கன்வேயரை (பொருளை நகர்த்தும் பட்டை) விரலால் இழுத்து, டிக் பட்டனை அழுத்துங்கள். கட்டைவிரல் நீட்டாமல் டிக் எட்டினால் அளவு சரி. கன்வேயரின் அம்பு கோரைப் பார்க்கிறதா என்றும் பாருங்கள். திசை தப்பினால் செம்பு கோருக்குப் போய்ச் சேராது.

ஜெஸ்சர் நேவிகேஷனை இந்த ஆட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். திரையின் ஓரத்தில் தொடங்கி கன்வேயர் இழுத்தால் போன் அதை 'பேக்' என்று எடுத்துக்கொள்ளும். மூன்று பட்டன் முறைக்கு மாறுங்கள், அல்லது பேக் ஜெஸ்சரின் உணர்திறனைக் குறையுங்கள்.

போன் தாங்குமா?

முதல் செக்டரான கிரவுண்ட் ஸீரோவை ஓட்டிப் பார்த்து 'போன் பறக்கிறது' என்று சொல்வதில் அர்த்தமில்லை. அதில் எந்தப் போனும் பறக்கும். உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய தளத்தைத் திறந்து, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) காட்டும் செட்டிங்கை ஆன் செய்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு 20 நிமிடம் எதிரி அலைகளை வரவிடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

60-இல் தொடங்கி 40-க்கு இறங்கினால் காரணம் சூடு: சூடு ஏறியதும் பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 120 ஹெர்ட்ஸ் திரை இருந்தாலும் எஃப்பிஎஸ் உச்சவரம்பை 60-இல் நிறுத்துங்கள், ப்ளூமையும் (ஒளிர்வு விளைவு) அனிமேட்டட் சர்ஃபேசஸையும் (அசையும் தரைப்பரப்பு) அணையுங்கள், தடித்த கவரைக் கழற்றுங்கள். இது வியூக ஆட்டம். 60-க்கு மேல் கிடைப்பது பேட்டரிக்கு நஷ்டம் மட்டுமே.

தொடக்கத்திலேயே 40 என்றால் பிரச்சினை வேறு. யூனிட்டுகள், கன்வேயர்கள், குண்டுகளின் கணக்கைப் பெரும்பாலும் பிராசஸரின் ஒரே கோர்தான் சுமக்கிறது. எட்டு கோர் இருக்கிறது என்ற விளம்பரம் இங்கே உதவாது. ஒற்றைக் கோரின் வேகம்தான் பேசும். கிராபிக்ஸைக் குறைத்தும் எண் ஏறவில்லை என்றால் தளத்தைத்தான் சுருக்க வேண்டும். டிரில்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் 2.56 மடங்கு வேகம் கிடைக்கும். பாதி டிரில்களையும் அவற்றின் கன்வேயர்களையும் எடுத்துவிடலாம்.

பின்சேர்க்கை: வைஃபையில் சேர்ந்து விளையாடும்போது நண்பரின் போனில் நம் ஆட்டம் தெரியவில்லை என்றால்

முதலில் இருவரின் பதிப்பு எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அடுத்து வைஃபை: விருந்தினர் நெட்வொர்க்கில் சேர்ந்திருந்தால் ஒரு போன் இன்னொன்றைப் பார்க்காதபடி ரவுட்டர் தடுத்திருக்கலாம். முதன்மை நெட்வொர்க்குக்கு மாறியும் பட்டியலில் வராவிட்டால், ஹோஸ்ட் செய்யும் போனின் ஐபி முகவரியைக் கையால் கொடுங்கள், போர்ட் 6567. ஹோஸ்ட் போனின் திரை அணைந்தால் மற்றவர்களின் இணைப்பும் அறுந்துவிடும், அதனால் திரை அணையும் நேரத்தை முன்கூட்டியே நீட்டி வையுங்கள்.