பழைய ஆட்டக்காரர் வரலாறு எழுதவா? ஆல்ஃப் காமனில் தொடங்குங்கள்

நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் யாரைப் பற்றியாவது எழுத ஆசை என்று யார் கேட்டாலும், முதலில் ஆல்ஃப் காமனை எழுதிப் பாருங்கள் என்பேன். இந்த வேலையின் எல்லாச் சிக்கலும் அவர் ஒருவரிடமே இருக்கிறது.

எந்தக் கிளப்பில் ஆடினார் என்பதை ஆண்டு வாரியாகக் குறிக்காதீர்கள், சீசன் வாரியாகக் குறியுங்கள். அந்தக் காலத்தில் லீக் (கிளப்புகள் சீசன் முழுக்க ஒன்றோடொன்று ஆடும் போட்டித் தொடர்) செப்டம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். காமன் 1904-05 சீசனைச் சண்டர்லாந்தில் தொடங்கி, பிப்ரவரியில் மிடில்ஸ்பரோவுக்குப் போனவர். '1905, சண்டர்லாந்து' என்று மட்டும் எழுதினால் பாதிக் கதை போச்சு.

ஒரே கிளப்பில் இரண்டு முறை ஆடியிருந்தால் இரண்டு வரியாகப் போடுங்கள். சண்டர்லாந்திலிருந்து 1901-இல் ஷெஃபீல்டு யுனைடெட் போனார். அடுத்த வருஷம் எஃப்.ஏ. கோப்பை (தோற்றால் வெளியேறும் போட்டி) இறுதியாட்டத்தில் கோல் போட்டார். அது டிராவாகி, மறு ஆட்டத்தில் கோப்பை கிடைத்தது. 1904-இல் 520 பவுண்டுக்குச் சண்டர்லாந்துக்கே திரும்பினார்.

அப்புறம் பணம். இங்கே அவசரப்படாதீர்கள். மிடில்ஸ்பரோ கொடுத்தது 1000 பவுண்டு. அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. தொகையை மட்டும் எழுதினால் வாசகருக்கு ஒன்றும் உறைக்காது. அப்போது ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, வாரம் 4 பவுண்டு. அப்படியானால் 250 வாரச் சம்பளம்! அதுவும் போய்ச் சேர்ந்தது காமனுக்கு அல்ல, சண்டர்லாந்து கிளப்புக்கு. ஏன் கொடுத்தார்கள் என்பதையும் தேடுங்கள்: மிடில்ஸ்பரோ இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும் நிலையில் இருந்தது. காமனின் முதல் ஆட்டம் ஷெஃபீல்டில், தன் பழைய கிளப்பான ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு எதிராக. பெனால்டியில் அவரே கோல் போட, 1-0. வெளியூரில் மிடில்ஸ்பரோ ஜெயித்து ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த சீசனில் கிளப் தப்பித்தது. 1000 பவுண்டு தண்டம் என்று திட்டியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இங்கிலாந்துக்காக 3 ஆட்டம், 2 கோல். இதைக் குறைவு என்று எழுதிவிடாதீர்கள். வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து என வருஷத்துக்கு மூன்று ஆட்டம்தான் அன்றைக்கு வழக்கம்.

கிளப் பெயரை அந்தக் காலத்துப்படியே எழுதுங்கள். 1910-இல் அவர் போனது வூல்விச் ஆர்சனல்; இன்றைக்கு வெறும் ஆர்சனல் என்கிறோமே, அதுதான். அடுத்து 1912-இல் பிரஸ்டன். 1914-இல் ஆட்டத்தை விட்டுவிட்டு, டார்லிங்டனில் மதுக்கடை நடத்தினார். அவருக்குப் பிந்தையவரை எழுதினால், முதல் உலகப் போரால் லீக் நின்றிருந்த 1915 முதல் 1919 வரை லீக் வரிசையைக் காலியாக விட்டு, 'போர்' என்று குறியுங்கள். போர்க்கால ஆட்டங்களை லீக் கணக்கில் சேர்க்கக் கூடாது.