லேன் கேபிள் போட்டும் நெட் விட்டு விட்டு வருகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

இணைப்பு அடியோடு நின்றுபோனால் காரணம் சீக்கிரம் அகப்பட்டுவிடும். கொஞ்ச நேரம் ஓடி, அரை நிமிடம் நின்று, மறுபடி ஓடும் இணைப்புதான் பாடாய்ப் படுத்தும். அந்த எரிச்சலில் பலரும் கேபிள், போர்ட், அமைப்புகள் என்று கைக்கு எட்டியதை எல்லாம் ஒரே மூச்சில் மாற்றிவிடுகிறார்கள். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அதே கோளாறு திரும்பினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எதையும் தொடுவதற்கு முன், அறுபடும் இடம் வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பாருங்கள். முதலில் கணினியின் வைஃபையை அணையுங்கள். இல்லாவிட்டால் கேபிள் விட்டதும் கணினி சத்தமில்லாமல் வைஃபைக்குத் தாவி, சோதனையையே குழப்பிவிடும். பிறகு இரண்டு கட்டளைச் சாளரங்களை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), இன்னொன்றில் 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கும் தொடர்ந்து பிங் (மறுமுனையிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓட விடுங்கள். இரண்டும் சேர்ந்து நின்றால் கோளாறு கணினியிலோ கேபிளிலோ ரூட்டரிலோ இருக்கிறது. ரூட்டர் பதில் தந்துகொண்டிருக்க வெளி முகவரி மட்டும் நின்றால், வெளியிலிருந்து வரும் லைன் பக்கம் பாருங்கள். இரண்டும் ஓடியும் பக்கங்கள் திறக்கவில்லையென்றால் இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் மேல் சந்தேகம் வைக்கலாம்.

அடுத்தது, “போர்ட்டில் லைட் எரிகிறதே, கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது” என்ற நம்பிக்கை. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகளாக இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அவற்றில் இரண்டு இணைகள் போதும். 1 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி பழுதானாலும் லைட் எரியலாம். வேகம் மட்டும் 100க்கு இறங்கிவிடும். அல்லது இரு முனையும் மறுபடி மறுபடி இணைப்பை ஏற்படுத்திக்கொண்டிருக்கும், ஒவ்வொரு தடவையும் சில நொடிகள் நெட் இருக்காது. இரண்டு பக்கமும் கிகாபிட் (1 ஜிபிபிஎஸ்) போர்ட் இருந்தும் கணினியின் நெட்வொர்க் விவரத்தில் இணைப்பு வேகம் 100 என்று காட்டினால், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். கிளிப் உடைந்த பிளக்கை அப்படியே செருகி வைப்பதும் இதே வம்புதான். மேசை அசைந்தால் போதும், விட்டுவிடும்.

கேபிள் முனையில் பிளக்கைச் சொந்தமாகப் பொருத்துபவர்கள் (கிரிம்ப் செய்பவர்கள்) கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இரு முனையிலும் ஒரே நிற வரிசை இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. பிளக்கின் ஊசி எண்களில் 1, 2 ஒரு இணை. 3, 6 ஒரு இணை. இணைகளை 1-2, 3-4, 5-6, 7-8 என்று நேராக அடுக்கிவிட்டால், மலிவான டெஸ்டரில் எட்டு விளக்கும் அழகாக எரியும். ஆனால் 3, 6 இரண்டும் வெவ்வேறு முறுக்கில் போய்விடுவதால் கம்பிகளுக்குள் குறுக்கீடு ஏறி, தரவுப் பாக்கெட்டுகள் சிதையும். முறுக்குதான் அந்தக் கேபிளின் உயிர், அதைப் பிளக் வரைக்கும் பிரிக்காமல் கொண்டுவாருங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளைத் தவிர்த்துவிடுங்கள். எளிதில் முறியும், மின்தடையும் அதிகம். வீட்டுக்கு முழுச் செம்பில் செய்த கேட் 5இ (Cat 5e) ரகக் கேபிள் தாராளமாகப் போதும்.

ரீஸ்டார்ட்டும் ரீசெட்டும் ஒன்றல்ல. ரூட்டரில் ஊசியால் அழுத்தும் அந்தச் சிறு துளைப் பொத்தான் ரீசெட்டுக்கானது, இணைய நிறுவனம் பதிந்து வைத்த பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் எண் (நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவைக் குறிக்கும் எண்) எல்லாவற்றையும் அழித்துவிடக்கூடும். பிறகு விட்டு விட்டு வந்த நெட்டும் வராது.

கணினியில் மட்டும் வேகத்தை “100, ஃபுல் டூப்ளெக்ஸ்” (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிவது) என்று கட்டாயப்படுத்தும் யோசனையையும் கேட்காதீர்கள். தானியங்கியாக இருக்கும் மறுமுனை, ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் ஓடும் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும், பிழைகள் பெருகும். தானியங்கி அமைப்பிலேயே விடுங்கள்.

பழைய ரூட்டரை நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு இணைப்பைப் பல போர்ட்டுகளாக விரிக்கும் கருவி) போலப் பயன்படுத்தும்போது, கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஹெச்சிபியை அணைக்க மறப்பதும் அடிக்கடி நடப்பது. இரண்டு ரூட்டரும் முகவரி வழங்கினால், ஒரு கருவிக்கு நெட் வரும், இன்னொன்றுக்கு வராது, நாளை அது மாறும். யாருமே நினைத்துப் பார்க்காதது பவர் அடாப்டர். அது வலுவிழந்துபோனால் சுமை ஏறும்போது ரூட்டர் தானே அணைந்து எழும். ரூட்டரின் முகவரியை உலாவியில் திறந்தால் வரும் நிர்வாகப் பக்கத்தில், அது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு தடங்கலுக்குப் பிறகும் அந்தக் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினால் அடாப்டரை மாற்றிப் பார்க்கலாம்.

ஃபைபர் இணைப்பில் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ஃபைபரைக் கழற்றித் துடைக்கவோ முனையை உற்றுப் பார்க்கவோ வேண்டாம். உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, விழித்திரையைப் புண்ணாக்கவும் கூடும். விரல் பட்ட முனை ஒளியைக் குறைக்கும். நிறுவனத்தை அழையுங்கள். “அடிக்கடி கட் ஆகிறது” என்று மட்டும் சொல்லாமல், எந்தெந்த நேரத்தில் நின்றது, அப்போது எந்த விளக்கு எப்படி இருந்தது, ரூட்டருக்கான பிங் ஓடிக்கொண்டிருந்ததா என்று குறித்து வைத்துச் சொல்லுங்கள். ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லி அனுப்பிவிடாமல், லைனைச் சோதிக்க ஆள் அனுப்பும்படி கேட்க அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.