வங்கக் கதைமாந்தர் புக்மார்க்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்துப்பிழையும் மங்கலான ஸ்கேனும் முதல் அச்சிலேயே கண்ணில் பட்டுவிடும். ஃபெலுதா, துர்கா, காகாபாபு என்று வங்கக் கதைகளின் ஆட்களைப் புக்மார்க்கில் வரையத் தொடங்குபவர்கள் ஒவ்வொரு செட்டிலும் மறுபடி மறுபடி விழும் குழிகள் வேறு.

நாவல் பெயர், சினிமாக் காட்சி

நாணற்பூக் காடு, அதற்குள் தம்பி அபுவும் அக்கா துர்காவும், தூரத்தில் புகை கக்கும் ரயில். கீழே 'பதேர் பாஞ்சாலி, பிபூதிபூஷண் பந்தோபாத்யாய்'. இதை வரையாதவர்களே இல்லை. ஆனால் இது 1955-இல் வந்த சத்யஜித் ரேயின் படத்துக் காட்சி. 1929-இல் நூலாக வந்த நாவலில் துர்கா ரயிலைப் பார்ப்பதே இல்லை. காய்ச்சலில் கிடக்கும்போது, உடம்பு தேறியதும் ஒருநாள் ரயில் காட்டுவாயா என்று தம்பியிடம் கேட்கிறாள். தேறாமலே போய்விடுகிறாள். வாசித்தவர் மனதை விட்டுப் போகாத இடம் அது. நாவலாசிரியர் பெயரைப் போட்டு, அவளுக்கு ரயிலையும் காட்டிவிடுவது அந்தப் பிள்ளைக்கே செய்யும் அநியாயம். நாவல் படித்த வங்காளி அதைக் கையில் எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், பேசாமல் வைத்துவிடுவார். லேமினேஷன் முடிந்த அட்டையில் பெயரை மட்டும் மாற்றவும் வழியில்லை. மொத்தக் கட்டும் வீண்.

நாவலிலேயே வரைய எவ்வளவோ இருக்கிறது. தேங்காய்ச் சிரட்டையில் மாங்காய்த் துண்டு, எண்ணெய், உப்பு. அம்மாவுக்குத் தெரியாமல் அக்காவும் தம்பியும் தின்கிறார்கள். இரண்டு தலை, ஒரு சிரட்டை: 5 செ.மீ. அகலத்துக்கு அளவெடுத்த மாதிரி அமையும்.

துப்பறிவாளர்களுக்கும் இதே கதிதான். ஃபெலுதா என்றால் நடிகரின் முகம், பியோம்கேஷ் பக்ஷி என்றால் 1967 படத்தில் உத்தம் குமார் போட்ட கண்ணாடி. ரே எழுதிய கதைகளில் ஃபெலுதாவுக்கு இருப்பவை ஆறடி தாண்டிய உயரமும் சார்மினார் சிகரெட்டும். ஃபெலுதாவின் எழுத்தாளர் நண்பர் ஜடாயு மட்டும் விதிவிலக்கு: 1974-இல் 'சோனார் கெல்லா' படம் வந்தபின் ரேயே தன் கோட்டோவியங்களில் அவரை, அந்தப் படத்தில் அவராக நடித்த சந்தோஷ் தத்தாவின் சாயலில் வரைந்தார்.

காகாபாபுவுக்குக் கைத்தடி

சுனில் கங்கோபாத்யாயின் சாகசக் கதைகளில் வரும் காகாபாபு வைத்திருப்பது கைத்தடி இல்லை. கக்கத்தில் வைக்கும் ஊன்றுகோல்.

வங்க எழுத்து உடைவது

தமிழில் 'பே' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருவதுபோல, வங்கத்திலும் எகரக் குறி மெய்க்கு இடப்பக்கம் நிற்கும். இந்திய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காத டிசைன் மென்பொருளில் அந்தக் குறி வலப்பக்கம் ஒட்டிக்கொள்ளும், கூட்டெழுத்துகள் பிரிந்துவிடும். பெயரைச் சரியாக அமைத்து, வங்கம் வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டி, எழுத்தைக் கோட்டு வடிவமாக (அவுட்லைன்) மாற்றியபிறகே அச்சகத்துக்கு அனுப்புங்கள்.

உயரத்தில் 1 செ.மீ.

12×18 அங்குலத் தாளில், சுற்றிலும் 3 மி.மீ. வெட்டுக் கூடுதலோடு, தாளின் நீளவாட்டில் நிறுத்தி அடுக்கினால் 50×150 மி.மீ. புக்மார்க் 10 தான் அடங்கும். உயரத்தை 140 ஆக்கினால் 15 அடங்கும். அச்சுச் செலவு அதேதான். வரையத் தொடங்கும் முன்பே அளவை முடிவு செய்துவிட வேண்டும். வரைந்தபின் சுருக்கினால் துப்பறிவாளரின் நெற்றிதான் போகும்.

புத்தகத்துக்கு வெளியே எட்டிப் பார்ப்பது மேல் 2 செ.மீ. மட்டும். பலர் அங்கே வெறும் வானத்தை வரைகிறார்கள். ஆளை அடையாளம் காட்டும் பொருள் அந்த இடத்தில் வரட்டும். குஞ்சத்துக்கான 4 மி.மீ. துளையும் அங்கேயே விழும் என்பதால், அதன் மையத்துக்கு விளிம்பிலிருந்து 8 மி.மீ. ஒதுக்கிவிட்டு வரையுங்கள்.

தாள்

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு. லேமினேஷன் இரு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் சுருளும்.

குஞ்சம்

சிவப்பு நூலை ஈரத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் விட்டால் வேண்டாம், பக்கத்தில் கறை ஏறும்.

உரிமை

இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு. பிபூதிபூஷண் இறந்தது 1950-இல். அவர் நூல்கள் பொதுவுடைமை. ரே இறந்தது 1992-இல், பியோம்கேஷை எழுதிய சரதிந்து பந்தோபாத்யாய் 1970-இல். ஆகவே ஃபெலுதாவுக்கு 2052 முடியும்வரை, பியோம்கேஷுக்கு 2030 முடியும்வரை, உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி வாங்கிவிட்டு விற்பனைக்குப் போங்கள். ரேயின் கோட்டோவியத்தை நகலெடுத்து வண்ணம் தீட்டுவதற்கும் அதே அனுமதி வேண்டும்.