பெயரைச் சொல்லி ப்ராசஸை நிறுத்தும் ஸ்கிரிப்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளின் ஷெல் ஸ்கிரிப்டை (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைல்) திறந்தால், ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை, நிறுத்த எங்கள் காலத்தில் எழுதிய அதே தவறான வரிகள் அப்படியே இருக்கின்றன. எழுத்துப்பிழை, பர்மிஷன் கொடுக்க மறப்பது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அவற்றை ஷெல்லே சொல்லிவிடும்.

'பிகில் -எஃப்' போட்டு அரைகுறைப் பெயர் கொடுப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. 'பிகில்' (pkill) என்பது பெயரைத் தேடி ப்ராசஸை நிறுத்தும் கட்டளை. அதற்குப் பெயரின் ஒரு துண்டு பொருந்தினாலே போதும். '-எஃப்' சேர்த்தால் ப்ராசஸின் பெயரோடு நிற்காது. ஃபோல்டர், ஃபைல் பெயர்கள் உட்பட கட்டளை வரி முழுவதிலும் தேடும்.

ஒரு ஃபேக்டரியில் பச்சை இலை எடையைப் பதியும் புரோகிராமின் பெயர் 'லீஃப்'. அதை நிறுத்தி மறுபடி ஓட்ட 'ரீஸ்டார்ட்-லீஃப்' என்று ஒரு ஸ்கிரிப்ட். உள்ளே 'பிகில் -எஃப் லீஃப்', அடுத்த வரியில் புரோகிராமைத் தொடங்கும் கட்டளை. எடைப் புரோகிராம் நின்றது. 'லீஃப்' ஃபோல்டரைக் காப்பி எடுத்துக்கொண்டிருந்த பேக்கப்பும் பாதியில் நின்றது. ஸ்கிரிப்டின் பெயரிலும் 'லீஃப்' இருக்கிறதே, அதுவும் சேர்ந்து செத்தது. 'பிகில்' தன்னை மட்டும்தான் விட்டுவைக்கும். தன்னைக் கூப்பிட்ட ஸ்கிரிப்டை விடாது. அதனால் அடுத்த வரி ஓடவேயில்லை. மழை நேரம், இலை இறக்கும் அவசரம், யாரும் திரையைப் பார்க்கவில்லை. மதியம் முழுக்கச் சிறு விவசாயிகளின் இலை எடை பதிவாகவில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர்கள் அவர்கள்.

ஆகவே முதலில் 'பிக்ரெப் -ஏ -எஃப்' (pgrep -a -f; எதையும் நிறுத்தாமல் பட்டியல் மட்டும் காட்டும்) போட்டு, எதெல்லாம் மாட்டுகிறது என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் 'பிகில் -எக்ஸ்': பெயர் முழுசாகப் பொருந்தினால்தான் நிறுத்தும். யூசர் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். நீங்களே தினமும் ஓட்டும் புரோகிராம் என்றால் அதை சிஸ்டம்டி (systemd; லினக்ஸில் புரோகிராம்களைத் தொடங்கி, நிறுத்திப் பார்த்துக்கொள்வது) சர்வீஸாக மாற்றிவிடுங்கள். பெயர் தேடும் வேலையே இருக்காது.

நீளமான பெயர்

லினக்ஸ் கெர்னல் ப்ராசஸ் பெயரில் 15 எழுத்துகளைத்தான் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் நீளமான பெயரை 'பிகில்'லிடம் கொடுத்தால் ஒன்றும் சிக்காது. பலர் '-எஃப்' பக்கம் போவதே இதனால்தான். சரி, போகத்தான் வேண்டுமென்றால் புரோகிராமின் முழுப் பாதையையும் கொடுங்கள்.

எடுத்ததுமே 'கில் -9'

'கில்' (kill) ப்ராசஸுக்கு ஒரு எண்ணைச் சிக்னலாக அனுப்பும். 15 'நின்றுகொள்' என்று கேட்பது; 9 கட்டாயமாக நிறுத்துவது, ஃபைலை மூடக்கூட அவகாசம் தராது. முதலில் 15 அனுப்புங்கள், சில நொடி பொறுங்கள், அப்போதும் நிற்காவிட்டால் 9.

'பிஎஸ்' பட்டியலில் 'கிரெப்' செய்வது

'பிஎஸ்' (ps) ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும், 'கிரெப்' (grep) அதில் பெயரைத் தேடும். தேடுகிற 'கிரெப்'பே அந்தப் பட்டியலில் வந்து நிற்கும்.

'கில்ஆல்'

லினக்ஸில் இது (killall) கொடுத்த பெயருள்ள ப்ராசஸை மட்டும் நிறுத்தும். சோலாரிஸில் (இன்னொரு யூனிக்ஸ் வகை சிஸ்டம்) அது எல்லா ப்ராசஸையும் நிறுத்துகிற கட்டளை. லினக்ஸ் பழக்கத்தில் அங்கே தட்டாதீர்கள்.